அப்டேட் போடலாமா, தள்ளிப்போடலாமா? வான்னாக்ரையை வைத்து, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஆடிட்டர் ஆபீஸ், ரத்தப் பரிசோதனை லேப், அச்சகம், பள்ளிக்கூட அலுவலகம் என்று எங்கே போனாலும் அப்டேட் பற்றிக் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. அதனால் 2017-இல் உலகத்தையே உலுக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதலை வைத்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாம் தினமும் பயன்படுத்தும் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை, அதை யார் மறைத்தார்கள், யார் அடைத்தார்கள், அடைத்த பிறகும் யார் அடிபட்டார்கள் என்பதெல்லாம் அரசு அறிக்கைகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் பதிவாகியிருக்கும் சம்பவம் அது.

பாதுகாப்பு ஓட்டையும் வைரஸும் ஒன்றா?

இல்லை. ஓட்டை என்பது மென்பொருளை எழுதியவர்கள் அறியாமல் விட்ட பிழை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் மென்பொருளுக்குள்ளேயே அது இருக்கும். வைரஸ், ரான்சம்வேர் எல்லாம் அந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறவை. ஓட்டையை அடைக்க அந்தக் கம்பெனி அனுப்புவதுதான் பேட்ச். நம் வழக்கில் அப்டேட். கம்பெனிக்கே தெரியாமல், பேட்ச் வருவதற்கு முன்பே தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டையை ஜீரோ டே என்பார்கள். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஓர் எண் உண்டு. நாம் பேசப்போகும் ஓட்டையின் எண் சிவிஇ-2017-0144.

வான்னாக்ரையில் என்னதான் நடந்தது?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் பல நாடுகளில் கம்ப்யூட்டர் திரைகள் சிவப்பாக மாறின. "உங்கள் பைல்கள் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் பிட்காயினாகக் கட்டுங்கள்" என்று மிரட்டல். மூன்று நாளில் கட்டாவிட்டால் 600 டாலர். ஒரு வாரத்தில் கட்டாவிட்டால் பைல்கள் போய்விடும். சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் சொன்னது. ஸ்பெயினில் டெலிஃபோனிகா, பிரான்ஸில் ரெனோ கார் ஆலைகள், ஜெர்மனியில் ரயில் நிலைய அறிவிப்புப் பலகைகள், பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் எல்லாம் அடிபட்டன.

இதில் முக்கியமான விஷயம், யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆரம்பத்தில் "மெயிலில் வந்த லிங்க்கைத் திறந்ததால் வந்தது" என்று செய்திகள் வந்தன, ஆனால் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் போதும். பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றிலும் 445 என்ற போர்ட் (நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் வாசல்) திறந்திருக்கிறதா என்று அதுவே தேடிப் பார்த்து உள்ளே போய்விடும். இன்டர்நெட்டிலும் கண்டபடி முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். "நான் தெரியாத மெயிலைத் திறக்கவே மாட்டேன், எனக்கு ஒன்றும் வராது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்த ஓட்டை எங்கே இருந்தது? எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

முடியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இவ்வளவு பெரிய சேதத்துக்குக் காரணம் எவ்வளவு சின்னது என்று தெரிவது நல்லது.

ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை இன்னொன்றிலிருந்து திறக்கிறோம் அல்லவா, அந்த பைல் ஷேரிங் வேலையைச் செய்வது எஸ்எம்பி என்ற நெறிமுறை. அதன் முதல் பதிப்பு எஸ்எம்பி1. பைலோடு சேர்த்து அதன் கூடுதல் விவரங்களையும் ஒரு பட்டியலாக அனுப்ப அதில் வசதி உண்டு. அந்தப் பட்டியலின் வடிவம் ஓஎஸ்/2 என்ற இயங்குதளத்துக்காக உருவானது. ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் 1980-களில் சேர்ந்து செய்த இயங்குதளம் அது. இந்த வடிவத்தில் பட்டியல் வந்தால், விண்டோஸ் அதைத் தன் சொந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

மாற்றும்போது நடுவில் ஒரு பதிவு தவறாக இருந்தால், "சரியாக இருப்பது இதுவரைதான்" என்று பட்டியலின் நீளத்தைக் குறைத்து எழுத வேண்டும். இங்கேதான் பிழை. நீளம் 32 பிட் எண். அதைத் திருத்தி எழுதும் இடத்தில் மட்டும் 16 பிட்டாகக் கருதி, பின்பாதியை மட்டும் மாற்றினார்கள். முன்பாதி பழையபடியே நின்றுவிட்டது.

கணக்கு நோட்டில் லட்சத்துக்கு ஒரு கட்டம், மீதிக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,00,000 என்று எழுதியிருப்பதை 99,000 என்று திருத்த வேண்டும். மீதிக் கட்டத்தில் 99,000 என்று எழுதிவிட்டு, லட்சக் கட்டத்தில் உள்ள 1-ஐ அடிக்க மறந்தால் தொகை 1,99,000 ஆகிவிடும். விண்டோஸில் நடந்தது இதேதான். 65,536 என்ற நீளத்தை 65,373 ஆகக் குறைக்க வேண்டிய இடத்தில் அது 1,30,909 ஆகிவிட்டது. குறைய வேண்டியது இரு மடங்கானது.

அப்புறம் என்ன? சின்ன அளவுக்கு மெமரியில் இடம் ஒதுக்கிவிட்டு, பெரிய அளவுக்கு அதில் கொட்டுகிறது. பொங்கி வழிந்தது பக்கத்து மெமரியில் போய் விழுகிறது. அது நடப்பது விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது எந்தப் பாஸ்வேர்டும் தடுக்க முடியாத ஆழத்தில். எது எங்கே விழ வேண்டும் என்று கணக்குப்போட்டு அனுப்பினால், அனுப்பியவர் சொன்னபடி கம்ப்யூட்டர் ஆடும். அந்தக் கணக்கைப் போட்டு ஒரு கருவியாகவே சிலர் செய்துவைத்திருந்தார்கள் (யார் என்று கீழே வருகிறது). அதற்கு அவர்கள் வைத்த பெயர் எட்டர்னல்புளூ.

அவ்வளவு பழைய வசதி 2017 வரை ஏன் விண்டோஸில் இருந்தது?

பழைய பிரின்டர், பழைய சர்வர், பழைய மென்பொருள் எதுவும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. விண்டோஸ் இவ்வளவு பரவியதற்கே அந்தப் பழசைக் கைவிடாத குணம் ஒரு பெரிய காரணம். எஸ்எம்பி2 விஸ்டாவோடு வந்துவிட்டது. எஸ்எம்பி1-ஐ நிறுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்டின் சொந்தப் பொறியாளரே 2016 செப்டம்பரில் பகிரங்கமாகக் கெஞ்சாத குறையாக எழுதினார். ஆனாலும் புதிய விண்டோஸில் அது தானாகவே ஆன் ஆகி வந்துகொண்டிருந்தது. அந்த வழக்கம் நின்றது 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான், வான்னாக்ரை வந்துபோன பிறகு. பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாத ஒரு வசதியை எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருந்தது கம்பெனியின் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது யார்?

அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ. கண்டுபிடித்ததை மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல், வேவு பார்க்க வைத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியதாக வாஷிங்டன் போஸ்ட் 2017-இல் எழுதியது. 2016 ஆகஸ்டில் ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் ஒரு கும்பல் வந்து, என்எஸ்ஏவின் கருவிகள் தங்களிடம் இருப்பதாகச் சொல்லி ஏலம் போட ஆரம்பித்தது. 2017 பிப்ரவரியில் வழக்கமாக வர வேண்டிய மாதாந்தரப் பேட்சுகளை மைக்ரோசாஃப்ட் தள்ளிப்போட்டது. மார்ச் 14 அன்று எம்எஸ்17-010 என்ற பேட்ச் வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் எட்டர்னல்புளூவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். அதற்கும் நான்கு வாரம் கழித்து வந்ததுதான் வான்னாக்ரை. அதைச் செய்தது வட கொரியா என்று 2017 டிசம்பரில் அமெரிக்கா அறிவித்தது, 2018-இல் பார்க் ஜின் ஹியோக் என்ற வட கொரியர் மீது வழக்கும் போட்டது.

உளவு அமைப்புகள் ஓட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதை மைக்ரோசாஃப்டின் பிராட் ஸ்மித் அப்போது கடுமையாகக் கண்டித்தார். ராணுவத்தின் டோமஹாக் ஏவுகணைகள் திருட்டுப்போவதற்குச் சமம் என்றார். அதில் எனக்கு முழு உடன்பாடு. ஒரு நாட்டின் பாதுகாப்புக்காக என்று சொல்லி மூடி வைத்த விஷயம், கடைசியில் இன்னொரு நாட்டு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்தது.

பேட்ச் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டதே. பிறகு ஏன் அவ்வளவு சேதம்?

போடவில்லை, அதனால்தான். ஆனால் "சோம்பேறித்தனம்" என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. பிரிட்டன் மருத்துவமனைகளைப் பாருங்கள். அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் எல்லாமே இருக்கிறது.

இங்கிலாந்தில் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் (அரசு மருத்துவச் சேவையை நடத்தும் அமைப்புகள்) 80-க்கும் குறையாதவை பாதிக்கப்பட்டன. 34 இடங்களில் ரான்சம்வேர் உள்ளேயே போனது. மற்ற இடங்களில் முன்னெச்சரிக்கையாகக் கம்ப்யூட்டர்களை நிறுத்தியதாலும், மெயில் வராததாலும் வேலை நின்றது. 595 குடும்ப மருத்துவர் கிளினிக்குகளும் மாட்டின. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ரத்தான அப்பாயின்ட்மென்ட்கள் 19,000-க்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதில் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு அவசரமாகப் பார்க்க வேண்டியவர்களும் இருந்தார்கள்.

இத்தனைக்கும் மார்ச் 17 அன்றும் ஏப்ரல் 28 அன்றும் "இந்தப் பேட்சைப் போடுங்கள்" என்று அவர்களுடைய டிஜிட்டல் பிரிவு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. தாக்குதலுக்கு முன் 88 அறக்கட்டளைகளுக்கு நேரில் போய்ச் சோதித்திருந்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. சோதித்தவர்களுக்கோ "சரிசெய்தே ஆக வேண்டும்" என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா, யாராவது செயல்பட்டார்களா என்று மேலிடத்தில் யாருக்கும் தெரியவும் இல்லை.

அது போக, மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேனரோடு வந்த கம்ப்யூட்டரை உள்ளூர் ஐடி ஆள் நினைத்தால் அப்டேட் செய்துவிட முடியாது. மெஷின் கம்பெனிக்காரர் வந்துதான் தொட வேண்டும். இரவும் பகலும் ஓடும் வார்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய நேரம் ஒதுக்க வேண்டும். அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பேட்ச் வெளியாவதற்கும் அது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போய் உட்காருவதற்கும் நடுவே இருக்கும் அந்த வாரங்கள்தான் ஆபத்தானவை. இந்தத் தொழிலில் நான் முழுநேரமும் செய்வது அந்த இடைவெளியைக் குறைக்கும் வேலையைத்தான்.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்ததால்தானே எல்லாம்?

அப்படித்தான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் மாட்டியவற்றில் மிகப் பெரும்பகுதி விண்டோஸ் 7. அதற்கு அப்போது அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது, போடவில்லை. எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் பல இந்தத் தாக்குதல் பட்டதும் நீலத் திரையோடு நின்றுவிட்டன.

எக்ஸ்பியில் எனக்கு உறுத்துவது வேறு விஷயம். அதற்கான அப்டேட்டுகள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றன. ஆனால் கூடுதல் காசு கட்டிய பெரிய வாடிக்கையாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தொடர்ந்து பேட்ச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அரசே ஓராண்டுக்கு 55 லட்சம் பவுண்டு கட்டி, 2015-இல் அதைப் புதுப்பிக்காமல் விட்டது. தாக்குதல் நடந்ததும் எக்ஸ்பிக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். அதே பேட்சை மார்ச்சிலேயே திறந்துவிட்டிருக்கலாம்.

எப்படி நின்றது?

ஒரு ஆராய்ச்சியாளரின் வழக்கமான வேலையால். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டிஷ் இளைஞர் வான்னாக்ரையைப் பிரித்துப் பார்த்தபோது, அது வேலையைத் தொடங்கும் முன் நீளமான, அர்த்தமில்லாத ஒரு இணைய முகவரியைத் தொடர்பு கொள்ள முயல்வதைக் கண்டார். அந்தப் பெயர் பதிவாகவே இல்லை. சுமார் 11 டாலர் கொடுத்துப் பதிவு செய்தார். அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் வான்னாக்ரை பேசாமல் வெளியேறிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அவர் பதிவு செய்ததும் பரவல் படுத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சில அலுவலகங்கள் "கெட்ட முகவரி" என்று நினைத்து அதை ஃபயர்வாலில் தடுத்தன. தடுத்தால் பதில் வராது, பதில் வராவிட்டால் பூட்டும் வேலை தொடங்கிவிடும். புராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாக மட்டுமே இன்டர்நெட் போகும் இடங்களிலும் அந்த முகவரியை எட்ட முடியாமல் இதே கதிதான். அரைகுறைத் தகவலை வைத்து அவசரப்பட்டுத் தடை போடுவதிலும் ஆபத்து இருக்கிறது.

பணம் கட்டியவர்களுக்கு பைல் திரும்பக் கிடைத்ததா?

நம்பிக் கட்டும்படி எதுவும் அதில் இல்லை. எல்லோரும் மூன்றே மூன்று பிட்காயின் கணக்குகளில்தான் கட்ட வேண்டும். யார் கட்டினார் என்று தானாகப் பிரித்தறியும் ஏற்பாடே இல்லை. 2017 ஆகஸ்டில் அந்தக் கணக்குகளிலிருந்து சுமார் 1,40,000 டாலரை வழித்தெடுத்துக்கொண்டு போனார்கள். உலகத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பிரிட்டன் மருத்துவத் துறைக்கு மட்டும் 9.2 கோடி பவுண்டு நஷ்டம் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

அத்தோடு அந்த ஓட்டையின் கதை முடிந்ததா?

முடியவில்லை. ஆறு வாரம் கழித்து, ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்ற இன்னொரு தாக்குதல் வந்தது. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் சர்வரைக் கைப்பற்றி, அதன் வழியாகவே அனுப்பினார்கள். உள்ளே வந்ததும் எட்டர்னல்புளூவையும், திருடிய பாஸ்வேர்டுகளையும் வைத்துப் பரவியது. ரான்சம்வேர் வேடம்தான், பணம் கட்டினாலும் திறக்க வழியில்லை. அழிப்பதுதான் நோக்கம். ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் ஆறு பேர் மீது 2020-இல் அமெரிக்கா வழக்குப் போட்டது.

கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. மொத்த நெட்வொர்க்கின் பயனர் கணக்கு விவரங்களும் அழிந்துபோன நிலையில், கானாவில் ஒரு அலுவலகத்தில் மட்டும் கரன்ட் போயிருந்ததால் ஒரு சர்வர் நெட்வொர்க்கிலிருந்து விலகி நின்று தப்பியது. அதிலிருந்துதான் மற்றதை மீட்டார்கள். மும்பைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்தும் முனையமும் அன்று நின்றுபோனது. உக்ரைனை நோக்கி எறிந்தது நவி மும்பையில் கன்டெய்னர் லாரிகளை வரிசையில் நிற்க வைத்தது.

2018 ஆகஸ்டில் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைகள் வான்னாக்ரையின் ஒரு வகையால் நின்றன. புதிதாக வந்த ஒரு இயந்திரத்தை ஸ்கேன் செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம். பேட்ச் வந்து பதினேழு மாதம் ஆகியிருந்தது.

அப்டேட் போட்டால் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறதே. பயம் நியாயம்தானே?

நியாயம்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. 20 விவரங்களை எதிர்பார்த்த நிரலுக்கு 21-ஆவதையும் படிக்கச் சொல்லி ஒரு பைல் போனது. இல்லாத இடத்தில் படிக்கப் போய்க் கம்ப்யூட்டர் விழுந்தது. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்காக அப்டேட்டையே நிறுத்தக் கூடாது. நான் செய்வது இதுதான். மைக்ரோசாஃப்டின் மாதாந்தரப் பேட்ச் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய் வரும், நம் நேரப்படி இரவு. முதலில் ஓர் ஆபீஸில் அதிக வேலையில்லாத ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் போட்டு, பிரின்ட் வருகிறதா, டேலி திறக்கிறதா, ஷேர்டு ஃபோல்டர் தெரிகிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்ப்பேன். பிறகு எல்லாவற்றிலும். "ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிறது" என்று அறிவித்துவிட்டால் இந்தக் காத்திருப்பு கிடையாது, அன்றைக்கே போட்டாக வேண்டும்.

பேட்ச் வெளியானால் பாதுகாப்பு கூடத்தானே செய்யும்? அவசரம் எதற்கு?

போட்டவருக்குக் கூடும், போடாதவருக்குக் குறையும். பேட்ச் வெளியானதுமே பழைய பைலையும் புதிய பைலையும் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். மாறிய வரியே ஓட்டை எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்களுக்கு அவசரப் பேட்ச் வந்தது. அதுவரை பெரும்பாலும் ஒரு சீனக் கும்பல் மட்டும் பயன்படுத்திய ஓட்டையை அடுத்த சில நாட்களில் பல கும்பல்கள் கையில் எடுத்துக்கொண்டன.

ஒரிஜினல் விண்டோஸ் இல்லை. அப்டேட் போடலாமா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர் "எல்லாம் போட்டுத் தந்திருக்கேன் சார், அப்டேட் மட்டும் ஆன் பண்ணிடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்திருப்பார். ஏமாந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பேட்ச் வராததைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. விண்டோஸை ஏமாற்றப் போட்ட அந்த ஆக்டிவேட்டரை யார் எழுதினார், அதில் வேறென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைப் போடுவதற்காக ஆன்டிவைரஸை வேறு நிறுத்தியிருப்பார்கள். லைசென்ஸ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் போடலாம். பிரவுசர், மெயில், கடிதம் டைப் அடிப்பது என்ற அளவில் வேலை உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

லேப் மெஷினோடு வந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர். மாற்றவே முடியாது. என்ன செய்வது?

மாற்ற முடியாதென்றால் தனிமைப்படுத்துங்கள். ரத்தப் பரிசோதனை மெஷின்கள் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். அதோடு வந்த கம்ப்யூட்டருக்கு அதில் பாதிகூட ஆயுள் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வேண்டாம். ரிசல்ட் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் போகும்படி ரூட்டரில் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிடலாம். பென் டிரைவில் எடுப்பதானால் அதற்கென்றே ஒரு பென் டிரைவ், அது வேறெங்கும் போகக் கூடாது. புதிய மெஷின் வாங்கும்போது "எத்தனை வருடத்துக்கு அப்டேட் தருவீர்கள்" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விலையைப் பேசித் தீர்க்கும் நேரத்தில் கேட்டால்தான் கிடைக்கும்.

பெரிய இடங்களிலும் இதே சிக்கல்தான். எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்த ஏடிஎம் இயந்திரங்களை 2019 ஜூனுக்குள் முழுவதும் மாற்றியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜூனில்தான் காலக்கெடு வைத்தது. எக்ஸ்பிக்கு அப்டேட் நின்று அப்போது நான்கு வருடம் கடந்திருந்தது.

எங்கள் ஆபீஸில் எஸ்எம்பி1 இன்னும் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" என்று தேடினால் டிக் போடும் பெட்டிகளோடு ஒரு பட்டியல் வரும். அதில் எஸ்எம்பி 1.0 என்ற வரியைப் பாருங்கள். டிக் இல்லையென்றால் நல்லது. இருந்தால் பிளஸ் குறியை அழுத்துங்கள், உள்ளே கிளையன்ட், சர்வர் என்ற வரிகள் இருக்கும். எட்டர்னல்புளூ நுழைந்தது சர்வர் பகுதியில்.

டிக்கை எடுத்ததும் பெரும்பாலும் முதலில் நிற்பது ஜெராக்ஸ் மெஷின்தான். பழைய செகண்ட் ஹேண்ட் காப்பியர்கள் ஸ்கேன் செய்ததை நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டரில் போட எஸ்எம்பி1-ஐத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் "ஸ்கேன் வரவில்லை" என்று யாரோ கூப்பிட, வந்த டெக்னீஷியன் மறுபடி டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பதில் மெஷினின் செட்டிங்கில் எஸ்எம்பி2 இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் ஃபர்ம்வேர் அப்டேட்டில் வரும். இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படியோ பென் டிரைவில் எடுக்கும்படியோ மாற்றிக்கொள்ளலாம். ரூட்டரில் வெளியிலிருந்து 445 போர்ட் வராதபடி மூடியிருக்கிறதா என்பதையும் உங்கள் ஆளிடம் கேளுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன்.

அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறும் திட்டம் ஒன்று அறிவித்தார்கள். அதில் தனியாகச் சேர வேண்டும், தானாக வராது.

இவ்வளவு நடந்தும் மென்பொருள் கம்பெனிக்குப் பொறுப்பே இல்லையா?

நாம் படிக்காமல் "ஐ அக்ரி" அழுத்தும் ஒப்பந்தத்தில், நஷ்டத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று எழுதித்தான் விற்கிறார்கள். கார் பிரேக்கில் கோளாறு என்றால் கம்பெனி திரும்ப வாங்கிச் சரிசெய்து தர வேண்டும். மென்பொருளுக்கு அப்படி ஒரு சட்டம் ரொம்ப காலமாக இல்லை. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கும் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. தாக்குதலில் பயன்படும் ஓட்டைகளைத் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பரிலும், மற்ற முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலும் தொடங்குகின்றன. பாதுகாப்பான அமைப்புகளோடு விற்க வேண்டும், பொருளின் ஆயுளுக்கு ஏற்ற காலம் வரை அப்டேட் தர வேண்டும் என்கிறது. நம் நாட்டில் செர்ட்-இன் என்ற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, தாக்குதலுக்கு ஆளான நிறுவனம் ஆறு மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். அடிபட்டவருக்குக் கடமை வைத்ததுபோல, ஓட்டையோடு விற்றவருக்கும் வைக்க வேண்டும். ஐரோப்பாவில் வந்ததுபோன்ற சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

பைல்கள் ஏற்கெனவே லாக் ஆகிவிட்டன. இப்போது என்ன செய்வது?

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ஷேர்டு ஃபோல்டர் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் அதேதான். பயத்தில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். வான்னாக்ரை சமயத்தில் பூட்டின் சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்கள் சில கம்ப்யூட்டர்களின் மெமரியில் அழியாமல் கிடந்தன. அதை எடுத்துப் பைல்களைத் திறக்கும் இலவசக் கருவியைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரே வாரத்தில் எழுதித் தந்தார்கள். ரீஸ்டார்ட் செய்யாதவர்களுக்கு மட்டுமே அது உதவியது.

மிரட்டல் திரையை போனில் படம் எடுங்கள், பூட்டிய பைலின் பெயர் எப்படி மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் நோ மோர் ரான்சம் என்ற தளம், பூட்டிய பைலைக் காட்டினால் எந்த வகை ரான்சம்வேர், இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். இன்று இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து வரலாம், அதனால் பூட்டிய பைல்களை அழிக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம். பணம் கைமாறியிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று ஓடிப்போய் அதே கம்ப்யூட்டரில் செருகாதீர்கள், அதையும் பூட்டிவிடும். விண்டோஸை முழுவதுமாகப் புதிதாகப் போட்டு, எல்லா அப்டேட்டும் முடித்து, அதன் பிறகுதான் பேக்கப்பைத் தொட வேண்டும்.